கறிக்கோழிக் குடலுக்கு உறைமோர்: புரோபயாட்டிக் என்றால் என்ன?

பல்லடத்துக்குத் தெற்கே, காமநாயக்கன்பாளையம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஐயாயிரம் கோழி பிடிக்கிற ஷெட். அதன் வாசலில் நின்றபடி ஒரு அக்கா என்னைக் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். குஞ்சும் தீவனமும் தரும் கம்பெனியின் சூப்பர்வைசர் ஒரு புரோபயாட்டிக் பாக்கெட்டைக் கொடுத்து, குஞ்சு இறங்குகிற அன்றைக்கே தண்ணீரில் கலந்து விடச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாக்கெட்டின் மேல் ‘உயிருள்ள நுண்ணுயிரிகள்’ என்று அச்சிட்டிருந்தது. அக்காவுக்கு அதுதான் நெருடல்.

“ஏனுங்க டாக்டர், கிருமியக் கொல்றதுக்குத்தானுங்க இத்தன வருசமா மருந்து வாங்கிக் கலக்கினோம். இப்பக் கிருமியவே பாக்கெட்டுல போட்டு நம்மளையே ஊத்தச் சொல்றாங்களே, இதென்ன நாயமுங்க?”

கேட்க வேண்டிய கேள்விதான். அன்றைக்கு வாசலில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். கோழி வளர்க்கிறவர்களுக்கும் ஆகும், ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கப் போகிறவர்களுக்கும் ஆகும்.

அடைக்கோழியும் அட்டைப்பெட்டியும்

வீட்டில் நாட்டுக்கோழி அடை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது பாதி புரிந்த விஷயம். இருபத்தொரு நாள் கழித்துக் குஞ்சு பொரிக்கும். ஈரம் காயும்வரை தாயின் இறக்கைக்குள் கிடக்கும். அப்புறம் தாய் எழுந்து நடக்கும், குஞ்சுகள் பின்னாலேயே ஓடும். கட்டுத்தறி ஓரத்தில், குப்பைமேட்டில் தாய் கிளறிய இடத்தைக் குஞ்சும் கொத்தும். தாயின் எச்சத்தையும் கொத்தும். நமக்கு அது அருவருப்பாக இருக்கலாம். குஞ்சுக்கு அதுதான் தாய்வீட்டுச் சீதனம். வளர்ந்த கோழியின் எச்சத்தில் அதன் குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை குஞ்சின் வாய் வழியாக உள்ளே போய் அங்கேயும் குடியேறுகின்றன.

கறிக்கோழிக் குஞ்சுக்கு இந்த வழி கிடையாது. முட்டையைச் சுத்தம் செய்து, புகைமூட்டி, பொரிப்பகத்து இயந்திரத்தில் வைக்கிறார்கள். வெளியே வந்த குஞ்சு நூறு நூறாக அட்டைப்பெட்டிக்குள் போகிறது. வேன் ஏறி ஷெட்டில் வந்து இறங்குகிறது. ஏறத்தாழ 40 கிராம் எடை, வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் கொஞ்சம் மஞ்சள் கரு, கிட்டத்தட்டக் காலியான குடல், இவ்வளவுதான் அதன் சொத்து. தாயை அது பார்த்ததே இல்லை. பேப்பரில் தூவிய தீவனம், கீழே பரப்பிய தேங்காய் நார்த்தூள், நிப்பிளில் சொட்டும் தண்ணீர், பெட்டியைக் கவிழ்த்தவரின் கை என எது முதலில் அதன் வாய்க்கு வருகிறதோ, அதிலிருக்கும் நுண்ணுயிரிகள்தான் குடலில் முதல் குடி.

உழுது போட்ட காட்டை விதைக்காமல் விட்டால் அது சும்மா கிடக்குமா? முதல் மழைக்கே கோரையும் பார்த்தீனியமும் எழுந்துவிடும். குடலும் அப்படித்தான். காலியாக இருக்காது. யாராவது வந்து நிரப்பிவிடுவார்கள். நல்லதுகள் முந்தினால் கெட்டதுகளுக்கு இடம் குறையும். ஈ.கோலை, சால்மோனெல்லா, கிளாஸ்ட்ரிடியம் போன்றவை முந்திக்கொண்டால் அந்தப் பேட்ச் முடியும்வரை அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இதைச் சோதனை செய்தே காட்டியவர்கள் பின்லாந்து நாட்டுக்காரர்கள். 1970களின் தொடக்கத்தில் அங்கே கறிக்கோழிகளில் சால்மோனெல்லா பரவிப் பெரிய தலைவலியானது. எஸ்கோ நூர்மி, ரன்டலா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், அப்போதுதான் பொரித்த குஞ்சுகளுக்கு வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். அதன் பிறகு சால்மோனெல்லாவைக் கொடுத்துப் பார்த்தபோது, கொடுக்காத குஞ்சுகளைவிட இவற்றில் தொற்று மிகவும் குறைவாக இருந்தது. 1973இல் இதை வெளியிட்டார்கள். முதலில் குடியேறியவை இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்தவற்றை வெளியே தள்ளிவிட்டன. அடைக்கோழி தினம் செய்கிற வேலையைத்தான் அவர்கள் கையால் செய்தார்கள்.

புரோபயாட்டிக் என்ற சொல்லுக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் 2001இல் சேர்ந்து ஒரு வரையறை தந்தன. போதுமான அளவில் கொடுத்தால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரி என்பது அதன் சாரம். இதில் ‘உயிருள்ள’, ‘போதுமான அளவு’ என்ற இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் வாங்கிப் பயன் தெரியாமல் போனவர்களில் பலர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தவறவிட்டிருப்பார்கள்.

குடலுக்குள் என்ன இருக்கிறது

கோழிக்குப் பல் இல்லை. கொத்திய தீவனம் கழுத்தடியில் இருக்கும் தீவனப்பையில் ஊறி, அமிலம் சுரக்கும் பையைக் கடந்து, கெட்டியான தசைப்பையில் அரைபட்டு, சிறுகுடலுக்கு வருகிறது. சத்தை உறிஞ்சும் வேலை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் ஒரு பக்கம் மூடிய இரண்டு நீளமான பைகள் தொங்குகின்றன. அவை குருட்டுக்குடல்கள். கோழி உடம்பிலேயே நுண்ணுயிரிகள் அதிகம் வாழ்வது அங்கேதான். உள்ளே இருக்கும் பசையில் ஒரு கிராம் எடுத்தால், ஆயிரம் கோடியிலிருந்து பத்தாயிரம் கோடி பாக்டீரியா வரை இருக்கும்.

நல்ல சிறுகுடலை வெட்டி விரித்துத் தண்ணீரில் அலசிப் பார்த்தால் உட்புறம் வெல்வெட் துணி மாதிரி மெத்தென்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான விரல்கள் நெருக்கமாக நிற்பதால் வரும் மெத்து அது. குடலுறிஞ்சிகள் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஒவ்வொரு விரலின் மேலும் ஒரே ஒரு அடுக்குச் செல்தான் இருக்கிறது. அந்த ஒற்றை அடுக்குக்கு இந்தப் பக்கம் தீவனமும் கிருமியும், அந்தப் பக்கம் ரத்தம். சத்தை உள்ளே விட வேண்டும், கிருமியை விடக் கூடாது. இரண்டையும் அந்த அடுக்கே பார்த்துக்கொள்கிறது.

செத்த கோழியைப் பரிசோதனைக்கு அறுக்கும்போது சில சமயம் சிறுகுடல் பலூன் மாதிரி காற்றடைத்து, சுவர் மெலிந்து இருக்கும். வெட்டினால் வெல்வெட் காணாமல் போயிருக்கும். ஈரோட்டில் வாங்கி வருசக் கணக்கில் உழைத்துத் தேய்ந்த தேங்காய்ப்பூத் துண்டு எப்படி இருக்கும்? அப்படிச் சொரசொரப்பாக, பழுப்பும் மஞ்சளுமாக ஒரு படலம் ஒட்டிக் கிடக்கும். கால்நடை மருத்துவப் பாடத்திலும் இதைத் துண்டோடுதான் ஒப்பிடுவார்கள். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் நஞ்சு அரித்ததால் வருவது இது. குடல் அழுகல் நோய் என்று சொல்லலாம். ரத்தக்கழிச்சல் நோய்க்குக் காரணமான காக்சிடியா என்ற ஒட்டுண்ணி ஏற்கெனவே குடல் சுவரைக் காயப்படுத்தியிருந்தால் இதற்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி.

இப்படிச் சாகிற கோழிகூட என்னை அவ்வளவு கவலைப்பட வைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும், உடனே ஏதாவது செய்வோம். சாகாமல், குடல் மட்டும் அரைகுறையாகப் புண்பட்டு நடமாடுகிற கோழிகள்தான் பண்ணையாளரின் கையிலிருந்து காசைச் சத்தமில்லாமல் உருவுகின்றன. தின்னும், ஆனால் உடம்பில் ஒட்டாது. எச்சம் தண்ணீராகப் போகும். அரைபடாத மக்காச்சோளத் துணுக்கு அப்படியே வெளியே வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ உயிர் எடை ஏற எத்தனை கிலோ தீவனம் ஆகிறது என்பதைத்தான் எஃப்சிஆர் என்கிறோம். 2 கிலோ உயிர் எடைக்கு அது 1.6 என்றால் ஒரு கோழி தின்பது 3.2 கிலோ தீவனம். அதுவே 1.55 ஆக இருந்தால் 3.1 கிலோ. கோழிக்கு வெறும் நூறு கிராம் வித்தியாசம். ஐயாயிரம் கோழிக்கு அது 500 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் பத்து. கறிக்கோழி வளர்ப்புச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தீவனமே எடுத்துக்கொள்கிறது. 1990களில் உடுமலை, பல்லடம், கோவை வட்டாரத்தில் ஒப்பந்த வளர்ப்பு பரவிய நாளிலிருந்து, வளர்ப்புக் கூலியைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்த எஃப்சிஆர்தான். அது நிர்ணயமாவது குடலில்.

ஆன்டிபயாட்டிக் தீவனத்துக்குள் எப்படி வந்தது

1940களின் கடைசியில் அமெரிக்காவில் லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஸ்டோக்ஸ்டாட், ஜூக்ஸ் என்ற இருவர் கோழித் தீவனத்துக்கு மலிவான பி12 வைட்டமின் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆன்டிபயாட்டிக் தயாரித்த பிறகு மிஞ்சும் சக்கையில் பி12 இருந்தது. அதைக் குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பி12 தருவதைவிடக் கூடுதலாகவே குஞ்சுகள் வளர்ந்தன. காரணத்தைத் தேடியபோது, சக்கையில் ஒட்டிக்கொண்டிருந்த குளோர்டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்தான் அது என்று தெரிந்தது. நோய்க்குக் கொடுக்கிற அளவைவிட மிகக் குறைந்த அளவிலேயே வளர்ச்சி கூடியது. சில ஆண்டுகளுக்குள் உலகம் முழுக்கக் கோழித் தீவனத்தில் அது ஒரு வாடிக்கையாகிவிட்டது.

ஏன் வளர்ந்தது? குடலில் கிளாஸ்ட்ரிடியம் மாதிரியானவை அடங்கியிருக்கும், குடல் சுவரில் அழற்சி குறையும், கிருமியோடு சண்டை போடச் செலவாகும் சத்து சதையாகும் என்று பல விளக்கங்கள் உண்டு. களைக்கொல்லி அடித்த காடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒப்புமையிலேயே ஆபத்தும் இருக்கிறது. ஒரே களைக்கொல்லியை வருசா வருசம் அடித்தால் அதற்குச் சாகாத களை ஒன்று தலைதூக்குமல்லவா? பாக்டீரியாவில் இது இன்னும் வேகமாக நடக்கும். நல்ல சூழலில் அரை மணி நேரத்துக்குள் ஒன்று இரண்டாகிவிடும். மருந்து கொல்லும் அளவுக்கு இல்லாமல் கொஞ்சமாகவே தினமும் இருந்துகொண்டிருந்தால், தாக்குப்பிடிப்பவை பிழைத்துப் பெருகும். பெருகுவதோடு நிற்காமல் அந்தத் தாக்குப்பிடிக்கும் மரபணுவைப் பக்கத்திலிருக்கும் வேறு இன பாக்டீரியாவுக்கும் கைமாற்றிக் கொடுக்கும். கோழிக்குடலில் உருவானது எரு வழியாகத் தோட்டத்துக்கும், தண்ணீருக்கும், கறி வெட்டுகிற பலகைக்கும், மனிதக் குடலுக்கும் வந்து சேர முடியும்.

பிரிட்டனில் 1969இலேயே சுவான் தலைமையிலான குழு இதை எச்சரித்தது. சுவீடன் 1986இல் வளர்ச்சிக்கான ஆன்டிபயாட்டிக்கைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2006 ஜனவரி 1 முதல் அதே தடை வந்தது. இந்தியாவில் 2019 ஜூலையில் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் பயன்படுத்துவதற்கு மத்திய அரசு தடை விதித்தது. வேறெந்த மருந்துக்கும் மசியாத தொற்றோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நோயாளிக்குக் கடைசிக் கைத்தடியாகக் கொடுப்பது கொலிஸ்டின். அதைப் போய்க் குஞ்சுத் தண்ணீரில் கலந்துகொண்டிருந்த காலம் இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாகி உலகம் முழுக்கச் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. எல்லாம் கோழியால் வந்ததல்ல. மனிதர்கள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதற்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அதற்காகக் கோழி வளர்க்கும் நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

நோய் வந்த கோழிக்கு டாக்டர் பார்த்து, அளவாக, சில நாட்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது வைத்தியம். கோழியைக் கறிக்கு ஏற்றுவதற்கு முன் மருந்தை நிறுத்திக் காத்திருக்க வேண்டிய நாட்களைக் கணக்காகப் பார்த்தால் அதில் தப்பில்லை. நோயே இல்லாத கோழிக்குத் தினமும் தீவனத்தில் போடுவதுதான் நாம் விட வேண்டியது. ஹார்மோன் ஊசி பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். கறிக்கோழிக்கு யாரும் ஹார்மோன் ஊசி போடுவதில்லை. ஐந்தாறு வாரத்தில் 2 கிலோ வருவது பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் கலந்த இனத்தாலும் தீவனத்தாலும்.

உறை ஊற்றுவது போலத்தான்

காய்ச்சி ஆறிய பாலைச் சும்மா வைத்தால் என்ன ஆகும்? காற்றிலும் பாத்திரத்திலும் இருக்கிற ஏதோ ஒன்று விழுந்து கெட்டு நாறும். அதே பாலில் ஒரு கரண்டி மோர் ஊற்றி வைத்தால் விடியும்போது தயிர். உறைமோரில் இருந்த லாக்டோபேசிலஸ் வகைப் பாக்டீரியாக்கள் பெருகி, பாலின் சர்க்கரையைத் தின்று, லாக்டிக் அமிலத்தை வெளிவிட்டன. அந்தப் புளிப்பில் கெடுக்கிற கிருமிகளால் தலையெடுக்க முடியவில்லை. யாரும் கிருமியைக் கொல்ல மருந்து போடவில்லை. இடத்தை நல்லதுக்குக் கொடுத்தோம், அவ்வளவுதான்.

ஷெட் வாசலில் அக்காவிடம் நான் சொன்னதும் இதைத்தான். அவர் உடனே, “அப்ப இது உறைமோருங்களா?” என்றார். ஆமாம், குஞ்சின் குடலுக்கு உறை ஊற்றுகிறோம்.

குடலில் போய் இவை செய்கிற வேலை ஒன்றிரண்டல்ல. குடல் சுவரில் ஒட்டும் இடங்களைப் பிடித்துக்கொள்கின்றன. கெட்டதுக்குப் போகிற இரையைத் தாங்கள் தின்கின்றன. அமிலத்தைச் சுரந்து புளிப்பாக்குகின்றன. சில வகைகள் பாக்டீரியோசின் என்ற புரதங்களை விட்டு, தங்களுக்குப் போட்டியான பாக்டீரியாவைத் தாக்குகின்றன. குருட்டுக்குடலில் நடப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நல்லவை விட்ட லாக்டிக் அமிலத்தை அங்கே வாழும் வேறு பாக்டீரியாக்கள் எடுத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலமாக மாற்றுகின்றன. அந்த பியூட்டிரேட்தான் குடல் சுவர்ச் செல்களுக்குப் பிடித்த சாப்பாடு. அது கிடைத்தால் செல்கள் நெருக்கமாக நிற்கும், விரல்கள் நீளும், உறிஞ்சும் பரப்பு கூடும். ஒன்று விட்டதை இன்னொன்று தின்று, அது விட்டதைக் கோழியே தின்கிறது.

நம் ஊரில் கிடைக்கும் பாக்கெட்டுகளில் பொதுவாக மூன்று வகை இருக்கும். முதலாவது லாக்டோபேசிலஸ், என்டெரோகாக்கஸ், பீடியோகாக்கஸ் போன்ற லாக்டிக் அமில வகை. குஞ்சுக் குடலுக்குச் சொந்தக்காரர்கள், முதல் வாரத்தில் தண்ணீரில் கொடுக்க ஏற்றவர்கள். ஆனால் சூட்டைத் தாங்க மாட்டார்கள். இரண்டாவது பேசிலஸ் சப்டிலிஸ், பேசிலஸ் லைக்கனிஃபார்மிஸ் போன்றவை. இவை மண்ணிலும் வைக்கோலிலும் இயல்பாக இருப்பவை. காலம் சரியில்லை என்றால் கெட்டியான ஓட்டுக்குள் வித்தாக ஒடுங்கிக்கொள்ளும். காய்ந்த சோளம் குதிருக்குள் மாதக்கணக்கில் கிடந்து ஈரம் பட்டதும் முளைப்பதில்லையா, அந்த மாதிரி. தீவனத்தை நீராவியில் 80 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் குச்சித் தீவனம் ஆக்கும்போதும் இந்த வித்துகள் சாகாமல் தப்பும், குடலுக்குள் போனதும் முளைக்கும். கம்பெனித் தீவனத்தில் கலந்து வருவது பெரும்பாலும் இதனால்தான் பேசிலஸ் வகையாக இருக்கிறது. மூன்றாவது ஈஸ்ட், ரொட்டியைப் பொங்க வைக்கிற அதே குடும்பம்.

ஒரே பெயர் போட்டிருந்தாலும் ரகத்துக்கு ரகம் வேலை மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நெல் என்று பொதுவாகச் சொன்னால் போதுமா? எந்த ரகம் என்றுதானே கேட்போம்? லேபிளில் பாக்டீரியாவின் பெயரோடு ரக எண்ணும், ஒரு கிராமில் எத்தனை உயிர் என்ற கணக்கும் இருக்க வேண்டும். அந்தக் கணக்கை சிஎஃப்யு என்று போட்டிருப்பார்கள். தீவனத்தில் கலந்த பிறகு ஒரு கிராம் தீவனத்துக்கு ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை இருப்பது வழக்கமான அளவு. எண்ணிக்கையே போடாத பாக்கெட்டை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

தண்ணீரில் விடும்போது

ராணிக்கெட் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கொடுக்கிற நாளில் என்ன செய்வோம்? முந்தின நாளே பிளீச்சிங் பவுடரை நிறுத்துவோம். தொட்டியையும் குழாயையும் அலசுவோம். பால் பவுடர் கலப்போம். குஞ்சைக் கொஞ்ச நேரம் தாகமாக வைத்து, சீக்கிரம் குடித்து முடிக்கிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுவோம். தடுப்பு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ், குளோரின் அதைக் கொன்றுவிடும் என்பது நம் பண்ணையாளர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

புரோபயாட்டிக்கும் உயிர்தான். அதே குளோரின் அதையும் கொல்லும். இது தெரிந்தும், புரோபயாட்டிக் விடும்போது குளோரினை நிறுத்த வேண்டும் என்பது மட்டும் பலருக்குத் தோன்றுவதில்லை. ஒரு பண்ணையில் மூன்று பேட்ச் தொடர்ந்து கலக்கியும் ஒன்றும் தெரியவில்லை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் மேல்தொட்டியில் குளோரின் மாத்திரை மிதக்கிறது, அதே தொட்டியில் பாக்கெட்டையும் பிரித்துக் கொட்டியிருக்கிறார்கள். ஒரு கையால் விதைத்து மறு கையால் வெந்நீர் ஊற்றிய கதை. காசு போனதைவிட, ‘இதெல்லாம் சும்மா’ என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டதுதான் எனக்கு வருத்தம்.

ஆகவே கலக்கும் நாளில் குளோரின் வேண்டாம். காலையில் தாகத்தோடு குடிக்கும் நேரத்தில், சில மணி நேரத்தில் தீருகிற அளவு மட்டும் கலக்குங்கள். மீதியை மறுநாளைக்கு வைக்காதீர்கள். பாக்கெட்டை மோட்டார் ரூமில், தகரக் கூரைக்கடியில் வைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் இருக்கிற சூட்டில் பாதி அங்கேயே செத்துவிடும். ஆன்டிபயாட்டிக் வைத்தியம் நடக்கிற நாட்களில் உயிருள்ள பாக்டீரியாவை ஊற்றிப் பயனில்லை, மருந்து அதையும் சேர்த்தே அடிக்கும். வைத்தியம் முடிந்த மறுநாளிலிருந்து கொடுத்தால் வெறுமையாகக் கிடக்கும் குடலை நல்லவை பிடித்துக்கொள்ள உதவும். முக்கியமான நேரம் முதல் வாரம்தான். அந்த ஏழு நாளில் குஞ்சு தன் எடையைப் போல நான்கு மடங்காகிறது, குடல் அதைவிட வேகமாக வளர்கிறது. பொரிப்பகத்திலேயே பெட்டியில் தெளித்து அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது. அதற்கப்புறம் தடுப்பூசி, தீவன மாற்றம், கடும் வெயில் என்று கோழி வாடும் நாட்களில் மறுபடி கொடுக்கலாம். கம்பெனித் தீவனத்தில் ஏற்கெனவே கலந்திருக்கிறதா என்று சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

“அப்ப நம்ம வீட்டு மோரையே ஊத்திடலாமுங்களா?” என்பது அக்காவின் அடுத்த கேள்வி. பத்து நாட்டுக்கோழிக்குத் தட்டில் கொஞ்சம் மோர் வைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஐயாயிரம் குஞ்சுக்கு அது சரிவராது. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி கோழிக்குக் கிடையாது, அதிகமானால் கழிச்சல் வரும். மோர்க் கசடு நிப்பிளை அடைக்கும், குழாய்க்குள் பாசி மாதிரிப் படியும். தயிரில் இருக்கிற ரகங்கள் பாலுக்குப் பழகியவை, கோழிக்குடலில் தங்குவதற்கென்று தேர்ந்தெடுத்தவை அல்ல. ஒப்புமைக்கு உறைமோர் நல்லது, தொட்டிக்கு ஆகாது.

எதைச் செய்யாது

புரோபயாட்டிக் ரத்தக்கழிச்சலை நிறுத்தாது, அதற்கான மருந்து தீவனத்தில் தனியாக வர வேண்டும். ராணிக்கெட்டுக்கும், கம்போரா என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கும் தடுப்பு மருந்துதான். கோழி சுருண்டு படுத்த பிறகு ஊற்றிக் காப்பாற்றவும் முடியாது. ஆய்வுகளிலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பலன் வரவில்லை. சிலவற்றில் ஆன்டிபயாட்டிக் போட்ட கோழிக்குச் சமமாக எடை வந்திருக்கிறது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. ரகம், அளவு, ஷெட்டின் சுத்தம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்கிற விஷயம் என்பதால் அப்படித்தான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே கிடக்கிற நார்த்தூள். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். லேசாகக் கூடி உடனே உதிர்ந்தால் நல்லது. கொழுக்கட்டை மாதிரி உருண்டு நின்றால் ஈரம் மிகுதி. ஐப்பசி மழையில், படுதாவை இறக்கியே வைத்திருக்கும் நாட்களில் இது சீக்கிரம் நடக்கும். ஈரத்தில் கிளாஸ்ட்ரிடியமும் காக்சிடியாவும் பெருகும், அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். ஒழுகுகிற நிப்பிளை மாற்றாமல், நார்த்தூளைக் கிளறி விடாமல், காற்று போக வழி விடாமல் எத்தனை பாக்கெட் ஊற்றினாலும் பயன் இல்லை. ஆன்டிபயாட்டிக் இந்தக் குறைகளையெல்லாம் பல வருசம் மூடி மறைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் எல்லாம் வெளியே தெரிகிறது. ஐரோப்பாவில் தடை வந்தபோது பண்ணையாளர்கள் சந்தித்ததும் இதைத்தான். சுத்தம், காற்றோட்டம், தீவனத்தின் தரம், நொதிகள், கரிம அமிலங்கள் என்று பலவற்றைச் சேர்த்துத்தான் அவர்கள் சமாளித்தார்கள். புரோபயாட்டிக் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள்.

எச்சத்தைப் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். திடமாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு இருப்பது சாதாரண எச்சம். இடையிடையே சாக்லேட் நிறத்தில் பசையாக ஒன்று விழும், பார்த்துப் பயப்பட வேண்டாம். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது. அந்தப் பசை நுரைத்து, மஞ்சளாகி, தண்ணீராகப் போனால்தான் குடலுக்குள் ஏதோ தடம் மாறுகிறது என்று அர்த்தம்.

காமநாயக்கன்பாளையத்து அக்காவுக்கு இரண்டு ஷெட்கள். நான் சொன்ன யோசனை இது. இரண்டிலும் ஒரே பொரிப்பகத்துக் குஞ்சு, ஒரே தீவனம். ஒன்றில் மட்டும் பாக்கெட்டைச் சரியாகக் கலந்து விடுங்கள். ஏழு, பதினான்கு, இருபத்தொன்றாம் நாட்களில் ஒவ்வொரு ஷெட்டிலும் நான்கு மூலையிலிருந்தும் நடுவிலிருந்தும் பத்துப் பத்தாக ஐம்பது குஞ்சு பிடித்து எடை போடுங்கள். அன்றைக்குச் செத்தது எத்தனை, தீவனம் எத்தனை மூட்டை, நார்த்தூள் உதிர்கிறதா உருள்கிறதா என்று எழுதி வையுங்கள். ஒரு பேட்ச் போதாது, மூன்று பேட்ச் பாருங்கள். முடிந்தால் ஒவ்வொரு பேட்சுக்கும் ஷெட்டை மாற்றிக்கொள்ளுங்கள், ஷெட்டின் ராசி கணக்கில் சேராமல் இருக்கும்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது ஷெட் வாசல் தூணில் தினசரிக் காலண்டரோடு ஒரு நாற்பது பக்க நோட்டு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது பேட்சின் பதினான்காம் நாள் எடைவரை எழுதியிருந்தார்கள், ஐம்பது குஞ்சுக்கும் தனித்தனியாக.